பசுமைக் குடிலுக்கு ஒரு பாவாடை

அந்த ஆண்டு காளான் வளர்ப்புக்கு மானியம் கிடையாது. பசுமைக் குடிலுக்கு உண்டு. குடிலுக்குள் எதையெல்லாம் வளர்க்கலாம் என்று அரசு வெளியிட்ட சுற்றறிக்கை குடமிளகாய், வெள்ளரி, ரோஜா என்று வரிசையாகப் போய்க் கடைசியில் காளானில் முடிந்தது. வெயிலை உள்ளே விடுவதற்காகவே கட்டப்படும் கூடாரத்தில் இருட்டைத் தேடும் ஒன்றைச் சேர்த்தவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. விசாரித்தவர்களிடம், அவர் பதவி உயர்வு பெற்றுப் போய்விட்டார் என்றார்கள்.

எலக்ட்ரீஷியனின் மனைவி அப்போது மாடிப்படிக்கு அடியில் காளான் வளர்த்துக்கொண்டிருந்தாள். வேகவைத்து ஆறவைத்த வைக்கோலையும் காளான் விதையையும் அடுக்கடுக்காகத் திணித்த பிளாஸ்டிக் பைகள் கயிற்றில் தொங்கும். பையின் துளைகள் வழியாகச் சிப்பி சிப்பியாகக் காளான் எட்டிப் பார்க்கும். அந்த வீட்டில் செருப்பைத் தேடிக் கையை விட்டவர்கள் காளானோடு கையை எடுத்தார்கள். தெருவில் அவளுக்குக் காளான்காரி என்று பெயர் வந்தது. கணவரும் காளான்காரி வீட்டுக்காரர் ஆனார். அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு ஒயரிங் செய்தவர் அவர்தான் என்பது யாருக்கும் நினைவில்லை.

காளான் போதவில்லை, கேட்பவர்கள் அதிகமானார்கள். மாடிப்படியோ மேற்கொண்டு நீள்வதாக இல்லை. அவள் கொட்டகை போடக் கடன் கேட்டு வங்கிக்குப் போனாள்.

மேலாளர் பொறுமையானவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மானியம் உள்ள திட்டம்னா உடனே கடன் தரலாம். காளான் கொட்டகைக்கு மானியம் இல்ல. பசுமைக் குடிலுக்கு இருக்கு. குடிலைக் கட்டி அதுல காளான் வளருங்க."

"அது வெளிச்சமா இருக்குமே சார்?"

"பகல்லதானேம்மா?"

ஜாமீனுக்குச் சொத்து வேண்டும் என்றார் மேலாளர். இருப்பது வாடகை வீடு. அந்தக் குடும்பத்தில் சொந்தமாகக் கட்டடம் வைத்திருந்த ஒரே ஆள் கணவரின் தங்கைதான்.

தங்கை தையல்காரி. நாற்பது வயதாகியும் வீட்டில் அவள் பேர் பாப்பாதான். கடைவீதியில் ஒரு ஷட்டர் அகலத்துக்கு இருக்கும் அந்தக் கடையைக் கால் வலிக்க மெஷின் மிதித்து வாங்கியவள். அவளுக்கு ஒரு பழக்கம்: கண்ணில் பட்டதற்கெல்லாம் உறை தைத்துவிடுவாள். டிவி ரிமோட்டுக்கு உறை, மிக்ஸிக்கு உறை, சிலிண்டருக்கு உறை. குடைக்கு ஏற்கெனவே ஓர் உறை உண்டு. அந்த உறைக்கு ஓர் உறை. கடைப் பத்திரத்தை ரெக்ஸின் உறையில் ஜிப் போட்டு மூடி, அந்த ஜிப்பின் மேல் ஒரு மடிப்பும் தைத்து வைத்திருந்தாள்.

"தர்றேன் அண்ணி. ஆனா ஒண்ணு. கடை போச்சுன்னா மெஷினைத் தூக்கிட்டு உங்க வீட்டுக்கே வந்துருவேன். மாடிப்படிக்கு அடியில உக்காந்துதான் தைப்பேன்."

"அங்க காளான் இருக்குமே பாப்பா."

"அதுக்கும் உறை தச்சுட்டாப் போச்சு."

வங்கியில் மேலாளர் கணவர், மனைவி, தங்கை மூவரையும் உட்காரவைத்து விவரம் சொன்னார். கடன் முதலில் வரும்; மானியம் பின்னால் வரும். அரசுக் குழு ஒன்று வந்து, குடில் ஒழுங்காக இருக்கிறதா, பயிர் உயிரோடு நிற்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால், மானியம் கடனில் வரவாகும். அன்றைக்கே கடைப் பத்திரம் திரும்பக் கிடைக்கும். நிதியாண்டு முடிவதற்குள் கையெழுத்து விழாவிட்டால் மானியம் காலாவதி. முழுக் கடனையும் குடும்பமே கட்ட வேண்டும். முடியாவிட்டால் கடை ஏலத்துக்கு வரும்.

தையல்காரிக்குக் கடைசி வாக்கியம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"பயிர் நிக்குமா அண்ணி?"

"நிக்கும் பாப்பா."

"நிக்கலைன்னா நான் தெருவுல நிப்பேன்."

எல்லாம் முடிந்த பிறகு மேலாளருக்கு ஒன்று நினைவு வந்தது. தொழில் தெரியும் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். காளான்காரி பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவள்தான். அதை மாடிப்படிக்கு அடியில் ஆணியில் மாட்டியிருந்தாள். ஈரமும் காளானுமாகச் சேர்ந்து அதன் கீழ்ப்பாதியைத் தின்றுவிட்டிருந்தன. மிச்சமிருந்தது அவள் போட்டோ மட்டும். ஆகவே மறுநாள் அவள் விளைந்த பை ஒன்றையே தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள்.

"இதாங்க சார் அத்தாட்சி."

மேலாளர் பையைச் சுற்றி வந்து பார்த்தார். திருப்தியாக இருந்தது. மணியடித்துப் பதிவறைக்காரரைக் கூப்பிட்டார். பதிவறைக்காரர், வந்த காகிதம் எதுவானாலும் முத்திரை குத்தி எண் போட்டு உள்ளே கொண்டுபோகும் வேலையில் தலை நரைத்தவர். பையின்மேல் வழவழப்பாக ஓர் இடம் பார்த்து முத்திரை குத்தினார். கடைப் பத்திரத்துக்குப் போட்ட எண்ணையே இதற்கும் போட்டார். ஒரே கடன், ஒரே எண், ஒரே அலமாரி.

"சார், நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன். அதுக்குத் தண்ணி தெளிக்கணும்."

"அசல் ஆவணம் கடன் முடியற வரைக்கும் வெளிய போகாதும்மா."

"ஆவணம் இல்ல சார். வைக்கோல்."

"முத்திரை போட்டாச்சே" என்றார் மேலாளர், வருத்தத்தோடுதான்.

பதிவறை வங்கியின் அடித்தளத்தில் இருந்தது. அதன் ஒரே ஜன்னலைப் பாதுகாப்புக்காகப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். மேலே கழிவறைக் குழாய் கசிந்து சுவர் எப்போதும் வியர்த்துக்கொண்டிருக்கும். காளான்காரி வாசல் வரை போய் எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு பொறாமை வந்து போனது.

குடில் எழுந்தது. ஊர் ஓரத்தில் குத்தகை நிலம். இரும்புக் குழாய் வளைவுகள். மேலே கண்ணாடி போன்ற பாலித்தீன் தாள். அரசுப் பொறியாளர் வந்து உயரம், அகலம், குழாயின் தடிமன் எல்லாவற்றையும் அளந்து பாராட்டினார். உள்ளே நின்று நாளிதழ் படித்துக் காட்டினார். ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை. மதியத்தில் உள்ளே போன எலக்ட்ரீஷியன், அலசிய துணி மாதிரி வெளியே வந்தார். பைகளில் வெள்ளையாகப் படர வேண்டிய பூஞ்சை படரவில்லை. வைக்கோல் வறண்டு சரசரத்தது.

இருட்டு வேண்டும் என்றாள் காளான்காரி. தையல்காரி டேப்பை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். கடையில் வந்திருந்த மற்றத் தையல் வேலைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கறுப்புத் துணியை மூட்டை மூட்டையாக வாங்கி, குடிலுக்கு ஒரு பாவாடை தைத்தாள். பாவாடை என்றால் பாவாடையேதான். மேலே நாடா கோத்திருந்தது. இழுத்தால் சுருங்கி மேலேறும், விட்டால் தரை வரை விழும். ஓரத்தில் காற்றுக்குப் பறக்காமல் இருக்க மணல் பொட்டலங்களை வைத்து மடித்துத் தைத்திருந்தாள். அவள் வாழ்நாளில் தைத்த உறைகளில் அதுதான் பெரியது. தைத்து முடித்துத் தூரத்தில் நின்று பார்த்தவள், "இடுப்புல கொஞ்சம் லூசு" என்றாள்.

அடுத்த முறை வந்த பொறியாளர் ஜீப்பிலிருந்து இறங்கவில்லை. தலையை மட்டும் நீட்டினார்.

"என்னம்மா இது?"

"பாவாடை சார்."

"யாருக்கு?"

"குடிலுக்கு."

அவர் இறங்கி வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். தையலைப் பார்த்து மெச்சவும் செய்தார்.

"அம்மா, காளானுக்கு இருட்டு வேணும்னு எனக்கும் தெரியும். நான் படிச்சதே அதைத்தான். ஆனா வரைபடத்துல கூரை வழியா வெளிச்சம் வரணும்னு போட்டிருக்கு. வெளிச்சம் வரலைன்னா அது பசுமைக் குடிலே இல்ல; குடில் இல்லைன்னா மானியம் இல்ல. நான் வரும்போது மட்டும் தூக்கி வைங்க."

"எப்ப வருவீங்க சார்?" என்று கேட்டார் எலக்ட்ரீஷியன்.

"சொல்லிட்டு வந்தா அது திடீர் ஆய்வு இல்லையே தம்பி."

அதன் பிறகு எலக்ட்ரீஷியன் எந்தக் கம்பத்தில் ஏறினாலும் முதலில் சாலையைப் பார்த்தார். ஜீப் தெரிந்தால் போன் அடிப்பார். காளான்காரி ஓடிப்போய் நாடாவை இழுப்பாள். பாவாடை ஏறும், பொறியாளர் வந்து வெளிச்சத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார், பாவாடை இறங்கும். வேறு யாருடைய ஜீப்புக்கெல்லாமோ பாவாடை ஏறி இறங்கியது. ஒருமுறை கல்யாணக் கார் ஒன்று போனபோதும் ஏறியது. எதிர் நிலத்துக்காரர் இந்தப் பக்கம் பார்ப்பதையே நிறுத்திக்கொண்டார்.

ஆனால் கறுப்புத் துணி வெயிலைக் குடித்துவிட்டு உள்ளே கக்கியது. இருட்டு கிடைத்தது, குளிர்ச்சி கிடைக்கவில்லை. குடில் முழுக்க வெந்த வைக்கோல் வாசனை.

"குடமிளகாயே போட்டுடலாமா?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"பயிரை மாத்தணும்னா குழு ஒத்துக்கணுமாம். குழு எப்பக் கூடும்னு கேட்டேன். ஆய்வு முடிஞ்சப்புறம் கூடுமாம்."

ஆய்வுக்குத் தேதி வந்தது. குடிலில் ஒரு மொட்டுகூட இல்லை. தையல்காரி அண்ணன் வீட்டுக்கு வந்து, டேப்பை எடுத்து மாடிப்படிக்கு அடியை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தாள்.

"பாப்பா, என்ன பண்றே?"

"மெஷின் நுழையும் அண்ணி. நான்தான் நுழைய மாட்டேன். தலை இடிக்குது." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காளான்காரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் வங்கியிலிருந்து போன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள். மேலாளரின் குரல் மேலாளரின் குரல் மாதிரியே இல்லை.

மூவரும் ஓடினார்கள். மேலாளர் அவர்களை அடித்தளத்துக்கு அழைத்துப்போய்ப் பதிவறைக் கதவைத் திறந்து டார்ச் அடித்தார்.

உள்ளே அலமாரிகள் தெரியவில்லை. காளான்தான் தெரிந்தது. கோப்புகளின் முதுகில், ஓரத்தில், கட்டிய நாடாவின் முடிச்சில், விசிறி விசிறியாக, வெள்ளையும் சாம்பலுமாக, அலமாரிக்கு அலமாரி அடர்ந்து நின்றது. பைக்குள் வைக்கோலைத் தின்று முடித்த பூஞ்சை, பக்கத்தில் ஈரமாகக் கிடந்த காகிதத்துக்குத் தாவியிருந்தது. பயிர்க்கடன், வண்டிக்கடன், வீட்டுக்கடன் என்று எந்தப் பாகுபாடும் பார்க்கவில்லை. வாராக்கடன் கோப்புகளில்தான் விளைச்சல் அமோகம். அவை நெடுநாளாக யாரும் தொடாமல் ஊறியவை.

"ஒருத்தர் கடனை அடைக்க வந்தார்" என்றார் மேலாளர். "கோப்பைக் கொண்டுவான்னேன். கொண்டுவந்தாங்க. அவர், 'இதுவும் உங்க திட்டமா சார், எடுத்துக்கவா?'ங்கறார்."

"இத்தனை நாளா யாருமே பாக்கலையா?" என்றாள் காளான்காரி.

எல்லாரும் பதிவறைக்காரரைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார்.

"பார்த்தேம்மா" என்றார் கடைசியில். "முதல்ல பயமாத்தான் இருந்துது. அப்புறம் வீட்டுல வதக்கிப் பார்த்தாங்க. ருசியா இருந்துது."

தையல்காரி இது எதையும் கேட்கவில்லை. "என் கடைப் பத்திரம் எங்க?" என்று கத்திக்கொண்டு காளானுக்குள் புகுந்தாள். முத்திரை குத்திய பை இருந்த அலமாரியைக் கண்டுபிடித்து, இரண்டு கையாலும் காளானைப் பிய்த்துப் போட்டுவிட்டு, உள்ளேயிருந்து ரெக்ஸின் உறையை இழுத்தாள். உறைமேல் ஒரு கொத்துக் காளான் குந்தியிருந்தது. மடிப்பை நீக்கி, ஜிப்பைத் திறந்தாள். பத்திரம் மொடமொடவென்று இருந்தது.

"ஜிப்புக்கு எதுக்குடி மடிப்புன்னு கேட்டியே அண்ணே" என்றாள், மூச்சு வாங்கியபடி. "பாத்துக்கோ."

அவள் அதைக் கைப்பையில் போடப் போனாள். பதிவறைக்காரர் மெல்லக் கையை நீட்டினார். அது இருந்த இடத்துக்கே திரும்பப் போயிற்று.

காளான்காரி அதற்குள் வேறொன்றை யோசித்துவிட்டாள். இதிலிருந்து நாலு பை அளவுக்குக் குடிலுக்குக் கொண்டுபோய்க் கட்டித் தொங்கவிட்டால், ஆய்வு நாளுக்குப் போதும். மேலாளரிடம் கேட்டாள்.

"பதிவறைப் பொருளை வெளிய விட முடியாதும்மா. அதுவும் இப்ப எது காளான், எது கோப்புன்னு பிரிக்கவே முடியாது. நீங்க காளானை எடுத்தா யாரோ ஒருத்தரோட வீட்டுக்கடன் கூடவே போயிடும்."

"அப்ப எங்க கடை?" என்றாள் தையல்காரி.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. ஓய்வு பெறப் போகிறவர். கோப்புகளைக் காளான் தின்றது என்று மேலிடத்துக்கு எழுதுவதை நினைத்தாலே அவருக்கு மயக்கம் வந்தது. கோப்புகளைப் பயிர் ஆக்கிரமித்தது என்றால் அது வேறு விஷயம். பயிருக்குத் துறை இருக்கிறது.

"காளான் அங்க வர முடியாதுன்னா" என்றார் மெதுவாக, "குழு இங்க வரலாமே."

குழு வந்தது. தலைவர் ஒல்லியான, கேலி பேசத் தெரியாத மனிதர். அவர் கையிலிருந்த படிவத்துக்கு இரண்டு பக்கம். முதல் பக்கம் கட்டமைப்பு. அதைப் பொறியாளர் குடிலில் நிரப்பினார். பாவாடை அவிழ்த்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. கூரை வழியாக வெளிச்சம் வருகிறது: ஆம். தாள் கிழியவில்லை: ஆம். பிறகு எல்லாரும் ஜீப்பில் ஏறி வங்கிக்கு வந்து அடித்தளத்தில் இறங்கினார்கள். இரண்டாம் பக்கம் பயிர். தலைவர் டார்ச் வெளிச்சத்தில் வாசித்தார்.

"இருட்டு போதுமா?"

"கண்ணு தெரியல சார்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"ஆம். ஈரம்?"

அவர் தலையில் ஒரு சொட்டு விழுந்தது. "ஆம்" என்று எழுதிக்கொண்டார்.

"பயிர் ஆரோக்கியமா இருக்கா?"

பதிவறைக்காரர் தொண்டையைச் செருமினார். "நல்லா இருக்கு சார். தினம் சாப்பிடறோம்."

பயிர் கட்டமைப்புக்குள்தான் இருக்கிறதா என்று அந்தப் படிவத்தில் எங்கும் கேள்வி இல்லை. அப்படி ஒரு கேள்வி தேவைப்படும் என்று அதைத் தயாரித்தவர்களுக்குத் தோன்றியிருக்காது. தலைவர் ஒரு நிமிடம் பேனாவைப் பிடித்தபடி நின்றார். இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் புரட்டினார். தையல்காரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு குறை இருக்கு" என்றார் தலைவர். "பயிர் வளர்ற இடத்துல தேவையில்லாத பொருள் இருக்கக் கூடாது. இங்க நிறையக் காகிதம் கிடக்கு. பயிருக்கு ஆகாது. அப்புறப்படுத்தணும்."

"அப்புறப்படுத்திடறோம்" என்றார் மேலாளர், தலைவர் வாயை மூடுவதற்குள்.

கையெழுத்து விழுந்தது.

கோப்புகளை எங்கே கொண்டுபோவது? நனைந்தவை, காய வேண்டும். நல்ல வெயிலும் காற்றும் உள்ள, மழை உள்ளே வராத, பூட்டுப் போடக்கூடிய பெரிய இடம் வேண்டும். அந்த ஊரில் அப்படிப்பட்ட இடம் ஒன்றுதான் இருந்தது. மேலாளரே வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு அருமையான பதிவறையைத் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை என்றார். வங்கி குடிலை வாடகைக்கு எடுத்தது. வாடகை கடனில் கழிந்தது. கயிறு கட்டி, காளான் பைகள் தொங்க வேண்டிய இடத்தில் கோப்புகளைத் தொங்கவிட்டார்கள். அடித்தளத்தைக் காளான்காரி வங்கியிடமிருந்து வாடகைக்கு எடுத்தாள். குழாயைச் சரிசெய்ய வந்த பிளம்பரை அவளே திருப்பி அனுப்பினாள்.

மானியம் வந்த அன்று தையல்காரி கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு வங்கிக்குப் போனாள். மேலாளர் எழுந்து நின்று வாழ்த்தினார்.

"கடன் பாதுகாப்பா ஆயிடுச்சும்மா. உங்க பத்திரத்தை வாங்கிக்கலாம். பதிவறையில இருக்கு."

"கீழயா?"

"இல்ல. உங்க அண்ணன் குடில்ல."

மேலாளர் எழுதித் தந்த சீட்டோடு அவள் குடிலுக்குப் போனாள். வாசலில் எலக்ட்ரீஷியன் நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள போகலையா அண்ணே?"

"வெளியாட்களுக்கு அனுமதி இல்லையாம். உள்ள ஒரு பல்பு போடணும்னு கூப்பிட்டாங்க. அனுமதிச் சீட்டுக்காக நிக்கிறேன்."

"பகல் மாதிரி வெளிச்சமா இருக்கே, பல்பு எதுக்கு?"

"பதிவறைன்னா பல்பு இருக்கணுமாம்."

உள்ளே பதிவறைக்காரர் குடை பிடித்தபடி மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. தையல்காரியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"நீங்களே வந்துட்டீங்க. உங்க அண்ணிகிட்ட ஒரு கறுப்புப் பாவாடை இருந்துச்சாமே? வெயில்ல கோப்பு எழுத்தெல்லாம் வெளுக்குது. அது கிடைச்சா நல்லா இருக்கும்."

"அதை வெட்டி வக்கீலுங்களுக்குக் கோட்டு தச்சுட்டேன். வேணும்னா புதுசாத் தச்சுத் தரேன். இந்தத் தடவை கூலி உண்டு."

அவர் சீட்டை வாங்கி, வெயிலுக்கு எதிரே பிடித்துப் படித்து, கயிற்றில் தொங்கிய ரெக்ஸின் உறையை அவிழ்த்துத் தந்தார். தையல்காரி மடிப்பை நீக்கி ஜிப்பை இழுத்தாள். பத்திரத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, தன் பெயர் இருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு திரும்ப உள்ளே வைத்து மூடும்போது ஜிப் பாதியில் நின்றது.

ஜிப்பின் பல்லில் ஒரு காளான் சிக்கியிருந்தது. காய்ந்து சுருங்கி, சட்டைப் பொத்தான் அளவு. அவள் இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, பிசிறு வெட்டுகிற மாதிரி அதை நறுக்கி, பதிவறைக்காரரின் மேஜைமேல் வைத்தாள்.

"இந்தாங்க. பத்திரம் மட்டும்தான் என்னோடது. இது பேங்க்கோடது."

அவள் வெளியே போய், வாசலில் நின்ற அண்ணனின் தோளில் தட்டி, "வா, கடையில ஃபேன் சத்தம் போடுது, பாத்துக் குடு" என்றாள்.

பதிவறைக்காரர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அந்தக் காளானைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து முத்திரையைத் தேடினார்.